மாட்டுக்கு ஒரு கேன் மொலாசஸ்

மதிப்பிற்குரிய கூட்டுறவு சர்க்கரை ஆலை மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை, கரும்புச் சாற்றில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸ் கேட்டு, உங்கள் ஆலை வாசலில் 35 லிட்டர் கேனோடு இரண்டு மணி நேரம் நின்றவன் எழுதுகிறேன். "தனி ஆளுக்கெல்லாம் மொலாசஸ் கிடையாது, லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார் காவலாளி. அவர்மேல் குறையில்லை, 1958-ஆம் ஆண்டிலிருந்தே இதற்கு விதிகள் இருக்கின்றன. ஆனால் நான் நின்ற நேரத்தில் மூன்று டேங்கர் லாரிகள் என்னைத் தாண்டிப் போயின. என் வயல் கரும்பும் அரைபட்ட ஆலை அது.

வீட்டில் இரண்டு கறவை மாடுகள். பங்குனி பிறந்தால் பச்சை கிடையாது, வைக்கோல்தான். வெறும் வைக்கோலை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. பால் பாதியாகிவிடுகிறது. ஒருமுறை முகாமில் கால்நடை மருத்துவர் மொலாசஸைத் தண்ணீரில் கரைத்து அதே வைக்கோலில் தெளித்துக் காட்டினார். என் சிவலை தொட்டியின் அடிவரை நக்கியது. மொலாசஸில் கிட்டத்தட்ட பாதி சர்க்கரை. மாட்டின் வயிற்றில் நாரைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு அது இரை. அளவு மீறினால் கழியும் என்பதும் எங்களுக்குத் தெரியும். டேங்கர் கேட்கவில்லை ஐயா, ஒரு கேன்தான் கேட்கிறோம்.

கடையில் வாங்கும் தீவன மூட்டையிலும் மொலாசஸ் சேர்க்கிறார்கள். நாங்கள் வெட்டி அனுப்பிய கரும்பின் கழிவை நாங்களே மூட்டை விலைக்கு வாங்குகிறோம். மொலாசஸிலிருந்து எத்தனால் என்னும் எரிசாராயம் எடுக்கலாம். அதைப் பெட்ரோலில் 20 சதவீதம் கலக்க வேண்டும் என்கிறார்கள். அதற்காக 2024 ஜனவரியில் மொலாசஸ் ஏற்றுமதிக்கு 50 சதவீத வரி போட்டு உள்நாட்டிலேயே நிறுத்தினார்கள். வண்டிக்கு ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு மாட்டின் நினைவு வரவில்லை. கரும்புப் பணம் வராத மாதங்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது பால் பணத்தில்தான். அந்தப் பாக்கியைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மடல் முடியாது. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

உறுப்பினர் விவசாயிகளுக்கு மாதம் ஒரு கேன் மொலாசஸ், பால் சங்கம் வழியாக, உரிய விலைக்குக் கொடுங்கள். உரிமம் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். கள்ளச்சாராயத்துக்குப் போய்விடும் என்று அஞ்சினால், யூரியாவும் தாது உப்பும் சேர்த்த நக்குக்கட்டியாகச் செய்து கொடுங்கள். கணக்கு வைப்பதும் எளிது. மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி தேவையென்றால், ஆலை சார்பில் நீங்கள் எழுதிக் கேளுங்கள். எங்கள் கடிதத்தைவிட உங்கள் கடிதத்துக்கு அங்கே மதிப்பு உண்டு.

இந்தக் கோடைக்குள் ஒரு பதில் அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆலையின் உறுப்பினர் விவசாயி