நல்ல காது இருப்பதால்தான் ஏமாறுகிறாய்

அன்புள்ள மீனு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அப்பா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "காதுல ஏதோ கோளாறு போல, பைலட் மெடிக்கல்ல தூக்கிடுவாங்களோ"ன்னு நீ சொல்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் அவர் முகம் சுருங்குகிறது. பித்தம் ஏறியிருக்கும், எலுமிச்சம்பழம் சாப்பிடச் சொல்லு என்கிறார். இருபது வருஷத்துக்கு மேலாகக் காதுப் பிரிவில் தலைசுற்றல் பரிசோதனை செய்கிற பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சைப் பார்! போனில் விளக்கினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் புரிந்த வரையில் நடந்தது இது. வெளியே தெரியாதபடி தலையில் மறைப்பு மாட்டி, கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டுகிற பயிற்சி. நீ குனிந்து மேப் பார்த்த நேரத்தில் விமானம் மெல்ல மெல்ல இடப்பக்கம் சரிந்திருக்கிறது. உனக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து கருவியைப் பார்த்ததும் பதறிப்போய், வெடுக்கென்று வலப்பக்கம் திருப்பி நேராக்கினாய். கருவி நேர் என்று காட்டுகிறது, உடம்போ வலப்பக்கம் சாய்ந்திருக்கிறாய் என்று அடம்பிடிக்கிறது. அதைச் சரிக்கட்ட நீ சீட்டில் இடப்பக்கம் ஒருக்களித்து உட்கார்ந்திருக்க, இன்ஸ்ட்ரக்டர் சிரித்தார். அவர் சிரித்ததில் தப்பில்லை. அவருக்கும் ஒரு காலத்தில் இது வந்திருக்கும்.

மெடிக்கலில் இதற்காக யாரும் உன்னைத் தூக்க மாட்டார்கள். காது சரியாக வேலை செய்கிறவர்களுக்குத்தான் இது வரும். 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் சேர்ந்து, காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியைச் சேர்ந்த 11 ஆண்களைப் பல வருஷம் சோதித்தார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் காது போயிருந்தது, கூடவே சமநிலை உறுப்பும் போயிருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில் கொந்தளிப்பான நேரமாகப் பார்த்து அவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் பாட்டுக்குச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். சோதிக்கப் போன விஞ்ஞானிகள்தான் வாந்தி எடுத்துப் பரிசோதனையையே நிறுத்தினார்கள். ஆக, ஏமாறுவதற்கே ஒரு நல்ல காது வேண்டும்.

அந்த நல்ல காதுக்குள் என்ன நடக்கிறது? ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து, மேலே இரண்டு மிளகைப் போட்டு, சொம்பைச் சட்டென்று திருப்பிப் பார். சொம்பு திரும்பும், மிளகு நின்ற இடத்திலேயே நிற்கும். தொடர்ந்து சுற்றிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். அப்போது சொம்பை நிறுத்தினால் தண்ணீர் நிற்காது. பத்தாம் வகுப்பில் நிலைமம் என்று படித்தாயே, அதுதான். காதுக்குள் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழல்கள், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக இருக்கின்றன. உள்ளே நீர். தலையைத் திருப்பினால் குழல் எலும்போடு திரும்பும், நீர் பின்தங்கும். குழலின் ஓரிடத்தில் ஜெல்லி மாதிரி ஒரு தடுப்பு குறுக்கே நிற்கிறது, கூபுலா என்போம். பின்தங்கிய நீர் அதைத் தள்ள, அதற்குள் புதைந்திருக்கும் மயிரிழைகள் வளைய, நரம்பு மூளைக்குச் சொல்லிவிடும்.

இதுவரைதான் சொம்பு உதவும். குழலின் உட்புறம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட அகலம் வராது. அவ்வளவு ஒல்லியான இடத்தில் சுவர் நீரைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். நிலைமத்தைப் பாகுநிலை, அதாவது நீரின் பிசுபிசுப்பு, உடனே மடக்கிவிடும். பின்தங்கல் என்பது மில்லிநொடிக் கணக்கில் முடிந்துபோகிற விஷயம். ஆனால் அதற்குள் கூபுலா துளியூண்டு தள்ளப்பட்டிருக்கும். அது திரும்பித் தன் இடத்துக்கு வரவேண்டுமென்றால், அத்தனை நீரையும் அந்த ஒல்லிக் குழலுக்குள் எதிர்ப்பக்கம் தள்ளவேண்டும். ஜெல்லிக்கு அவ்வளவு பலம் ஏது? மெல்ல மெல்லத்தான் வரும், ஐந்து நொடிபோல ஆகும். அந்தச் செய்தியை மூளை இன்னும் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டு, பதினைந்து இருபது நொடி வரை திரும்பும் உணர்வைத் தக்கவைக்கும்.

இதில் எனக்கு எப்போதும் ஆச்சரியம் என்னவென்றால், நிலைமத்தால் தொடங்குகிற உறுப்பு அளந்து கொடுப்பது முடுக்கத்தை இல்லை, வேகத்தை. சாதாரணமாக நாம் தலையைத் திருப்பும் ஒரு நொடி, அரை நொடிக்குள் அந்தக் கணக்கு கச்சிதமாக வரும். இந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தலையை வேகமாக இடவலமாக ஆட்டு. எழுத்து படிக்க வரும். தலையை நிறுத்திவிட்டு அதே வேகத்தில் கடிதத்தை ஆட்டு, எழுத்து கலங்கிவிடும். முதல் தடவை காது சொன்ன வேகத்தை வைத்துக் கண் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. நூறில் ஒரு நொடிக்குள் நடக்கிற வேலை. குரங்கு மரம் தாவியதும் மனிதன் மானைத் துரத்தியதும் இதை வைத்துத்தான். யாரும் அரை நிமிடம் நிற்காமல் ஒரே பக்கம் திரும்பிக்கொண்டே இருந்ததில்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள். உங்கள் ஸ்டாண்டர்ட் திருப்பம் நொடிக்கு 3 டிகிரி, ஒரு முழு வட்டத்துக்கு 2 நிமிடம். அதில் கால்வாசி முடிவதற்குள் கூபுலா எழுந்து நின்றுவிடும். காதுக்கு நீ நேராகப் போகிறாய். திருப்பத்திலிருந்து வெளியே வந்ததும், எதிர்ப்பக்கம் திரும்புகிறாய் என்று கத்தும்.

அன்றைக்கு உனக்கு நடந்தது இதன் தம்பி. நொடிக்கு சுமார் 2 டிகிரிக்கும் குறைவாக விமானம் சரிந்தால் கூபுலா அசைந்ததே தெரியாது. போதாததற்கு, ஒழுங்கான திருப்பத்தில் எடை எப்போதும் சீட்டின் அடிப்பக்கமாகவே அழுத்துவதால் உடம்பும் நிமிர்ந்திருப்பதாகவே நினைக்கும். ஆக, இடப்பக்கச் சரிவு கணக்கில் ஏறவே இல்லை. நீ வெடுக்கென்று திருப்பிய வலப்பக்க அசைவு மட்டும் ஏறியது. கூட்டிப் பார்த்தால் வலப்பக்கச் சாய்வுதானே விடை? மாற்றத்தை மட்டும் எழுதுகிற கணக்குப்பிள்ளை, சின்னத் தொகையை எழுதாமல் விட்டால் இருப்பு இடிக்கத்தான் செய்யும்.

சிமுலேட்டர் வகுப்பில் ஒரு சுழல் நாற்காலி இருக்கிறதென்றாயே, அதற்கு பாரானி நாற்காலி என்று பெயர். ராபர்ட் பாரானி வியன்னாவில் காது மருத்துவர். நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றியது. தண்ணீர் குளிர்ந்திருக்கிறது என்று ஒருவர் குறை சொல்ல, சூடான தண்ணீர் ஊற்றினால் அப்போதும் சுற்றியது, ஆனால் கண் எதிர்ப்பக்கம் துடித்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனவருக்கு 1914ஆம் ஆண்டுக்கான நோபல் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. இன்றைக்கும் நான் செய்கிற சோதனை அதுதான்: படுக்கவைத்து, தலையை 30 டிகிரி தூக்கி, 30 டிகிரி செல்சியஸ் தண்ணீரும் 44 டிகிரி தண்ணீரும் மாற்றி மாற்றிக் காதில் விட்டு, கண் எந்தப் பக்கம் துடிக்கிறது என்று பார்ப்பது. குழலின் ஒரு பக்க நீர் சூடாகி லேசாகி மேலே எழ, அசையாத தலைக்குள் ஓட்டம் உண்டாகிறது என்பது பாரானி சொன்ன காரணம். 1983இல் ஸ்பேஸ்லேப் என்ற விண்வெளி ஆய்வுக்கூடத்தில், எடையே இல்லாத இடத்தில் இதைச் செய்து பார்த்தபோதும் கண் துடித்தது! சூடு வேறு வழியிலும் ஏதோ செய்கிறது.

போன வாரம் ஒரு பாட்டி வந்தார். "படுத்தா கட்டிலே புரளுதும்மா, மோட்டு வளை சுத்துது" என்றார். மருமகள் ஸ்கேன் எடுக்கச் சொல்லிப் பணத்தோடு வந்திருந்தாள். தலையை ஒரு பக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன். கொஞ்சம் தாமதித்துக் கண் சுழன்று துடிக்க ஆரம்பித்தது. குழலுக்குப் பக்கத்துப் பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். சாய்வையும் நேர்க்கோட்டு முடுக்கத்தையும் சொல்வது அவைதான். நீரைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் கனம். அவற்றில் சில உதிர்ந்து குழலுக்குள் போய்விட்டால், படுக்கும்போது அவை உருண்டு நீரையும் இழுத்துக்கொண்டு போகும். தலையை முறைப்படி நாலு நிலைக்குத் திருப்பிப் பழைய பைக்கே அனுப்பிவைத்தேன். பாட்டி எழுந்து உட்கார்ந்து, "மாத்திரை இல்லையா?" என்று ஏமாற்றமாகக் கேட்டார்.

அந்தத் துகள்களைப் பற்றி உனக்குத் தெரியவேண்டியது ஒன்று உண்டு. பின்னால் சாய்ந்தாலும் அவை பின்னால் சரியும், விமானம் முன்னால் பாய்ந்தாலும் பின்னால் சரியும். இரண்டையும் பிரித்துச் சொல்ல அவற்றால் முடியாது. புவியீர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு முடுக்கம் இருந்தால் மூக்கு 11 டிகிரி மேலே தூக்கியிருப்பதுபோல் தோன்றும். இருட்டில் அதை நம்பி மூக்கை அழுத்தினால் தரைதான். உன் பேனலில் வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குண்டு உருளுமே, அதற்கும் இதே குருட்டுத்தனம். திரவத்தில் மிதக்கும் திசைகாட்டியும் அப்படித்தான்: கிழக்கு நோக்கிப் போகும்போது வேகம் கூட்டினால் வடக்கே திரும்புவதாகக் காட்டும். நம் தெற்குச் சீமைக்குப் பக்கத்தில் காந்த ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் காந்த நடுக்கோடு ஓடுவதால் இங்கே அந்தப் பிழை அநேகமாக இருக்காது. நீ இருக்கிற இடத்தில் இருக்கும்.

"அப்போ கருவியை நம்பு, அவ்வளவுதானே" என்பாய். இன்ஸ்ட்ரக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார். முழுக்க ஒத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. 1978 ஜனவரி 1, ராத்திரி. பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் 747, 'எம்பரர் அசோகா'. வலப்பக்கம் திரும்பி விமானம் நேரான பிறகும், கேப்டன் பக்கத்துச் சாய்வு காட்டி வலப்பக்கச் சாய்விலேயே நின்றுவிட்டது. அவர் அதை நேராக்க இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். கீழே இருட்டுக் கடல், அடிவானம் கிடையாது. பாந்த்ராவுக்கு அப்பால் கடலில் விழுந்து 213 பேரும் போனார்கள். கருவி ஒன்று கெட்டால் எது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி காதுக்கு இல்லை. அடுத்த கருவிக்குத்தான் உண்டு. சாய்வு காட்டி, திருப்பம் காட்டி, உயரம், வேகம், திசை என்று ஒன்றை ஒன்று சாட்சிக்கு இழுக்கவேண்டும். கண் ஒரே டயலில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. அடுத்த வகுப்பில் ஒரு கருவியை மூடிவைத்து ஓட்டச் சொன்னால் முகம் சுளிக்காதே.

குடித்துவிட்டுப் படுத்தவனுக்குக் கட்டில் சுற்றுவதும் இந்தக் கூபுலாவால்தான். அதன் அடர்த்தியும் நீரின் அடர்த்தியும் ஒன்றாக இருப்பதால்தான் புவியீர்ப்பு அதை வளைக்காமல் இருக்கிறது. சாராயம் முதலில் கூபுலாவுக்குள் ஊறி அதை லேசாக்கிவிடும். பறப்பதற்கு முன் 12 மணி நேரம் தொடக்கூடாது என்று விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் உங்கள் டிஜிசிஏ சொல்லியிருக்கிறது. உனக்கு அந்தப் பேச்சே தேவையில்லை என்று அப்பா நம்பிக்கொண்டிருக்கிறார், நானும் அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன். சளி பிடித்திருந்தால் மட்டும் பறக்காதே, பறந்த மணி நேரக் கணக்கில் எத்தனை குறைந்தாலும் சரி.

கடைசியாக ஒன்று, இதை மட்டுமாவது மறக்காதே. நீண்ட திருப்பத்தில் இருக்கும்போது தலையைக் குனியாதே. கிடைக்குழலில் நீர் அடங்கியிருக்கும் நேரத்தில் நீ குனிந்தால், அந்தக் குழல் சுழற்சியின் தளத்தை விட்டு வெளியே வரும், இன்னொரு குழல் உள்ளே போகும். ஒன்று நின்றுவிட்டேன் என்னும், மற்றது கிளம்பிவிட்டேன் என்னும். மூளை இரண்டையும் சேர்த்து, விமானம் குட்டிக்கரணம் போடுகிறது என்று முடிவுகட்டும். கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிகிற நேரத்தில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. தொடையில் கட்டிக்கொள்ளும் பலகையில் ஒரு நூலால் பென்சிலைக் கட்டிவை. இன்னொன்றைச் சட்டைப் பையில் சொருகிக்கொள். அப்பா வாங்கி வைத்திருக்கிற பென்சில் டப்பாவை இஞ்சி மிட்டாயோடு சேர்த்துத் திங்கட்கிழமை கூரியரில் போடுகிறேன். வந்ததும் ஒரு வார்த்தை சொல்.

அன்புடன்,
அம்மா