மெமோ வாங்கிய மகளுக்கு

கண்ணம்மா,

மீட்டிங்கில் மேனேஜரை எதிர்த்துப் பேசியதற்கு மெமோ கொடுத்துவிட்டார்கள் என்று நேற்று போனில் அழுதாய். "பேச்சுரிமை இருக்கிறதே அம்மா, எப்படித் தண்டிக்கலாம்?" என்றும் கேட்டாய். அழுகிற பிள்ளையிடம் சட்டம் பேச மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த உரிமை பெரும்பாலும் அரசாங்கத்தின் கையைக் கட்டிப்போடத்தான். சம்பளம் கொடுக்கிற தனியார் முதலாளியைப் பல நாடுகளில் அது கட்டுப்படுத்தாது. அமெரிக்காவில் மார்வின் பிக்கரிங் என்ற ஆசிரியர், பள்ளிக்கான பணத்தை நிர்வாகம் செலவழித்த விதத்தைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதி வேலையை இழந்தார். 1968-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் அவர் வேலை பார்த்தது அரசுப் பள்ளியில். நீ இருப்பது தனியார் கம்பெனியில்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. உனக்கு அப்போது நாலு வயது. ஓவர்டைம் கணக்கு தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கணக்கைத் திருத்தினார்கள், என்னை வேறு பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். கூட இருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதைவிட, எதையும் எழுத்தில் வைக்காமல் விட்டோமே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் ஞாபகம் இருக்கிறதா? அதன் ராக்கெட்டில் இருந்த ரப்பர் வளையங்களால் உயிரே போகலாம் என்று ரோஜர் போஜலே என்ற என்ஜினியர் 1985 ஜூலையிலேயே மேலதிகாரிக்கு எச்சரிக்கைக் குறிப்பு எழுதினார். ஏவுவதற்கு முந்தின இரவும், இந்தக் குளிரில் வேண்டாம் என்று வாதாடினார். கேட்கவில்லை. 1986 ஜனவரி 28-இல் விண்ணோடம் வானிலேயே சிதறி, அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழுவின் முன் அந்தக் காகிதம் இருந்தது. அவரை அலுவலகத்தில் ஒதுக்கினார்கள், அதுவும் உண்மை. ஆனாலும் அவர் சொன்னதை யாராலும் மறைக்க முடியவில்லை.

சரி, உன் மெமோவுக்கு நீ எழுதிக் கொடுக்க வேண்டிய பதிலுக்கு வருகிறேன். "இத்தனை மணி நேரம் வேலை வாங்கினால் தப்புகள் கூடும்" என்று சொன்னாயே, அதில் ஒரு எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்காதே. கடைசியில் "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்றாய் பார், அதற்கு மட்டும் வருத்தம் தெரிவி. தேதி போட்டு நடந்ததை வரிசையாக எழுது, ஒரு பிரதியை உன்னிடம் வைத்துக்கொள்.

கொடுக்கும் முன்னால் எனக்குப் படித்துக் காட்டு. ராத்திரி எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அம்மா