யாருக்குப் பயன்பட்டது எங்கள் தொண்டு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த விடுமுறையில் கல்லூரிக் குழுவுடன் ஓர் ஏழைக் கிராமத்தில் பத்து நாள் தங்கித் தொண்டு செய்த மாணவி நான். நாங்கள் போனதால் பயனடைந்தவர்கள் யார் என்ற கேள்வி, திரும்பிய நாள் முதல் என்னை விட்டு அகலவில்லை.

பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எழுப்புவது எங்கள் பணி. கரண்டி பிடிக்கவே தெரியாத நாங்கள் பகலெல்லாம் அடுக்கிய செங்கல் வரிசையை, அவ்வூர்க் கொத்தனார் ஒருவர் மாலையில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு சொல்லும் சொல்லாமல் பிரித்து மீண்டும் கட்டினார். எங்கள் பயணத்துக்குச் செலவிட்ட பணத்தை அவருக்கே கூலியாகக் கொடுத்திருந்தால், சுவர் முதல் முறையே நேராக நின்றிருக்கும். அவருக்கும் பிழைப்பு கிடைத்திருக்கும்.

வகுப்பறையில் நடந்தது இதைவிட வருத்தியது. நான் பாடத்தைத் தொடங்குமுன்பே ஒரு சிறுமி அதை முழுவதும் ஒப்பித்துவிட்டு, "போன தடவை வந்த அக்காவும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்க" என்றாள். குழுக்கள் மாறி மாறி வருகின்றன. முந்தைய குழு எங்கே நிறுத்தியது என்ற குறிப்பு எவரிடமும் இல்லை.

1968-இல் மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில் அமெரிக்க மாணவத் தொண்டர்களிடையே பேசிய சிந்தனையாளர் இவான் இல்லிச், படிக்க வாருங்கள், உதவ வராதீர்கள் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். அவ்வளவு தூரம் செல்ல எனக்கு மனமில்லை. ஆனால், மாணவர்களை அனுப்புமுன் அவ்வூர் மக்களிடம் தேவையைக் கேட்டறியவும், ஒரே ஊருக்குச் சில ஆண்டுகளேனும் தொடர்ந்து செல்லவும் கல்லூரிகள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி மாணவி