பதினெட்டு விநாடிகள்: தென்காசி நண்பனுக்கு ஒரு கடிதம்

சென்னை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்து சேர்ந்தது. முழங்கால் வலி குறைந்து, காலையில் குற்றாலம் சாலையில் கொஞ்ச தூரம் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்து மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். கடிதத்தின் பின்பாதியில் நீ கோபமாகக் கேட்டிருந்த கேள்விக்குப் பதில் எழுதத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது. "உங்கள் தெருப் பையன் காணாமல் போன விஷயத்தில் ஆளாளுக்கு யூடியூபில் உட்கார்ந்துகொண்டு போலீஸைக் கழுவி ஊற்றுகிறார்களே, அவர்களில் ஒருவராவது ஒரு நாள் ஸ்டேஷனில் உட்கார்ந்து பார்த்தவரா?" என்று கேட்டிருந்தாய். காவல்துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்து, அதில் பாதிக்கு மேல் நிலையத்தில் புகாரும் வாக்குமூலமும் எழுதும் ரைட்டராகவே கழித்தவனுக்கு அந்தக் கோபம் வருவது இயல்பு. ஆனால் நீ அதைத் திரையில் பார்த்தாய். நான் எதிர்வீட்டில் இருந்து பார்த்தேன். இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதை என் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

பையனுக்கு வயது 26. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதே முக்கால் மணிக்கு, தோசை மாவு வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவன் திரும்பவில்லை. பதினொரு மணிக்கு மேல் அவனுடைய போன் அணைந்துவிட்டது. நள்ளிரவில் அவன் அம்மாவோடு நானும் காவல் நிலையத்துக்குப் போனேன். பணியில் இருந்தவர் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. "வயசுப் பையன்தானேம்மா, சிநேகிதன் எவன் வீட்டிலாவது இருப்பான், 24 மணி நேரம் பார்த்துவிட்டு வாங்க" என்று ஆறுதலாகத்தான் சொன்னார். அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் கிடையாது என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியாது. மறுநாள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. 'ஆண் காணவில்லை' என்று எஃப்.ஐ.ஆர். பதிவானது மூன்றாம் நாள்தான். காணாமல் போனது குழந்தையாக இருந்தால், கடத்தல் என்றே கருதி உடனே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. பதினெட்டு வயது நிறைந்த ஒருவன் தன் விருப்பத்தில் வீட்டை விட்டுப் போனால் அது குற்றமே அல்ல என்பதால், நிலையத்தில் அந்த வழக்கு அடுக்கின் அடியில் போய்விடுகிறது. இதையெல்லாம் நீ எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அம்மா மூன்றாம் நாள் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "நான் எழுதிக் கொடுத்த பேப்பரை அவர்கள் எந்த ஃபைலில் வைத்திருக்கிறார்கள் என்றாவது கேட்டுச் சொல்லுங்கள், அண்ணா." கேட்டேன். யாரும் சொல்லவில்லை.

எங்கள் தெருமுனையில், 'மூன்றாவது கண்' என்று காவல்துறை ஊர் முழுக்கக் கேமரா வைக்கச் சொன்ன காலத்தில் நலச்சங்கப் பணத்தில் பொருத்திய கேமரா ஒன்று இருக்கிறது. செயலாளர் என்ற முறையில் அதன் கடவுச்சொல் என்னிடம்தான் உள்ளது. இரண்டாம் நாள் காலையிலேயே பதிவைப் பார்த்துவிட்டேன். பையன் டீக்கடையைத் தாண்டுகிறான், நிற்கிறான், திரும்பிப் பார்க்கிறான், பிறகு வேகமாக நடந்து இருட்டில் மறைகிறான். காவல் நிலையத்தில் முழுப் பதிவையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடையாளம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லட்டும் என்ற நல்ல எண்ணத்தில், வாட்ஸ்அப்பில் எளிதாகப் போகட்டும் என்று பதினெட்டு விநாடிகளுக்கு வெட்டி, நலச்சங்கக் குழுவில் போட்டேன். ஒன்றரை நாளில் அது எங்கெங்கோ சுற்றி, பின்னணி இசையோடும் சிவப்பு வட்டத்தோடும் என் பேரனின் போனுக்கே வந்து சேர்ந்தது.

அதன் பிறகு நடந்ததைத்தான் நீ பார்த்திருக்கிறாய். அவன் திரும்பிப் பார்க்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது அல்லவா, அதை வைத்து மட்டும் பதினோரு காணொளிகள் வந்தன. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன், ஏனென்றால் பதினொன்றையும் நான் பார்த்தேன். இரண்டு மணி வரை விழித்திருந்து பார்த்தேன். ஒருவர் படத்தைப் பெரிதாக்கிக் காரின் எண்ணைப் படித்துச் சொன்னார். இன்னொருவர், பையனின் நடையில் பயம் தெரிகிறது என்று தோள்பட்டையின் கோணத்தைக் கோடு போட்டு அளந்து காட்டினார். எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றே: போலீஸ் எதை மறைக்கிறது? இவர்கள் எல்லோரும் வெறும் பார்வை எண்ணிக்கைக்காகப் பேசுகிறவர்கள் என்று நீ எழுதியிருந்ததை நான் ஏற்கவில்லை. தாம்பரத்தில் இருந்து பேசிய ஒரு பெண், எங்கள் கேமராவின் கடிகாரம் நான்கு நிமிடம் முன்னால் ஓடுகிறது என்பதைக் கடைக்காரர் ஷட்டரை இறக்கும் நேரத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தாள். அதை நானும் கவனித்ததில்லை, பென் டிரைவை வாங்கிய காவலரும் கவனித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இவ்வளவு கூர்மையான கண் உள்ளவளும் கடைசியில் அந்த வெள்ளைக் காரிடம்தான் போய் நின்றாள்.

கார்க்காரர் அன்றிரவு எங்கள் தெருவில் உள்ள பல் மருத்துவரிடம் வேர்ச் சிகிச்சைக்கு வந்திருந்தவர். எண் வெளியான மறுநாளில் இருந்து அவருக்கு வந்த அழைப்புகளைப் பற்றி மருத்துவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். போனை அணைத்துவிட்டார், அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டார், வீங்கிய தாடையோடு காவல் நிலையத்தில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தார். அன்றிரவு நான் மீண்டும் முழுப் பதிவையும் போட்டுப் பார்த்தேன். நான் வெட்டி எறிந்த பகுதியில், பதினெட்டாவது விநாடிக்குப் பிறகு ஆறு விநாடி கழித்து, எங்கள் தெரு நாய் காட்சிக்குள் வருகிறது. பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும், இடது காது மடிந்தது. தினமும் இரவில் பையன் அதற்கு மாரி பிஸ்கட் போடுவான். அவன் போன வழியிலேயே வாலை ஆட்டிக்கொண்டு ஓடுகிறது. அவன் திரும்பிப் பார்த்தது காரை அல்ல, பின்னால் வந்த நாயை. பின்தொடர்ந்து வந்துவிடப் போகிறதே என்றுதான் வேகமாக நடந்திருக்கிறான்.

உடனே நாய் வரும் பகுதியையும் சேர்த்துக் குழுவில் போட்டேன். யாரும் அதைச் சீண்டவில்லை. நாய்க்குச் சிவப்பு வட்டம் போட யாருக்கு மனம் வரும்?

நீ கோபிக்காமல் படிக்க வேண்டிய பகுதி இனிதான். இந்தப் பதினோரு காணொளிகளுக்கும் இடம் விட்டுக் கொடுத்தது காவல்துறையின் மௌனம் என்பது என் எண்ணம். 2023 ஜனவரியில் இங்கிலாந்தில் லங்காஷைர் பகுதியில் ஆற்றங்கரையில் நாயோடு நடக்கப் போன ஒரு தாய் காணாமல் போனதை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். அவர் ஆற்றில் விழுந்திருக்க வேண்டும் என்று அங்குள்ள காவல்துறை ஒரு வாரத்திலேயே சொன்னது. யாரும் நம்பவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியூர்க்காரர்கள் அந்தச் சின்னக் கிராமத்துக்குப் படையெடுத்தார்கள், காலி வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தார்கள். கூட்டத்தைக் கலைக்கக் காவல்துறை உத்தரவு போட வேண்டியதாயிற்று. நெருக்கடி தாங்காமல், அந்தப் பெண்ணின் உடல்நலம் பற்றியும் மதுப் பழக்கம் பற்றியும் அந்தரங்கமான விவரங்களைப் பொதுவெளியில் வெளியிட்டு, பிரதமரே கவலை தெரிவிக்கும் அளவுக்குக் கண்டனம் வாங்கியது. கடைசியில் பிப்ரவரி 19-ஆம் தேதி, காணாமல் போன இடத்தில் இருந்து சுமார் ஒரு மைல் தூரத்தில் அதே ஆற்றில்தான் உடல் கிடைத்தது. தவறி விழுந்து மூழ்கிய விபத்து என்று விசாரணையில் முடிவானது. காவல்துறையின் துப்பில் பெரிய பிழை இல்லை. ஆனால் அந்நாட்டுக் காவல் கல்லூரி அதே ஆண்டு நவம்பரில் வெளியிட்ட ஆய்வு, அந்தரங்கத்தை வெளியிட்டது தவிர்த்திருக்க வேண்டியது என்றும், செய்தியாளர்களுக்கு உரிய நேரத்தில் விளக்கம் தராமல் விட்டதால் ஊகம் பெருகியது என்றும் குறை சொன்னது. பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்துவிட்டு, பேசக் கூடாததைப் பேசினார்கள்.

பொதுமக்கள் தலையிட்டாலே கேடு என்றும் நான் சொல்லவில்லை. 2021-இல் அமெரிக்காவில் வேனில் ஊர் சுற்றப் போன இளம்பெண் காணாமல் போனபோது, அதே காட்டுப்பகுதியில் பயணம் செய்த ஒரு குடும்பம் தங்கள் காணொளிப் பதிவைத் தேடிப் பார்த்து அந்த வேன் நின்ற இடத்தைக் காட்டியது, உடலைக் கண்டெடுக்க உதவியது. நம் ஊரில் 2019 பிப்ரவரியில் சென்னையில் செய்தியாளர்களைச் சந்தித்துவிட்டு எழும்பூரில் ரயிலேறிய சூழலியல் செயற்பாட்டாளர் முகிலன் காணாமல் போனபோது, ஆட்கொணர்வு மனுவோடு 'முகிலன் எங்கே?' என்ற இடைவிடாத கேள்வியும் சேர்ந்துதான் அந்த வழக்கை ஆறவிடாமல் வைத்திருந்தது. அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று அப்போது என்னிடம் அடித்துப் பேசியவர்கள் பலர். ஜூலையில் திருப்பதி ரயில் நிலையத்தில் உயிரோடு இருந்தார். கேள்வி சரி, பதில்தான் தவறு. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில் நடந்தது இருக்கிறது. குலதெய்வக் கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது அம்மாளை, வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றார்கள். அவர்களும் ஊரைக் காப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

உண்மையில் தேடுவது என்ன வேலை என்பதை அந்த நாட்களில்தான் அறிந்துகொண்டேன். பையனின் தாய்மாமனும் நானும் ராஜீவ் காந்தி மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை என்று பிணவறை பிணவறையாகப் போனோம். தண்டவாளத்தில் கிடைக்கும் உடல்களின் கணக்கு ரயில்வே போலீஸிடம் தனியாக இருக்கும், அங்கும் போய்ப் பாருங்கள் என்று ஓர் ஏட்டையாதான் வழிகாட்டினார். அடையாளம் தெரியாத உடல்களின் புகைப்பட ஆல்பத்தை ஒரு பக்கம் விடாமல் புரட்டினோம். மாமன் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டுவதற்கு முன் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டார். வீடற்றவர்களை மீட்கச் சென்னைக் காவல்துறை 2021-இல் தொடங்கிய 'காவல் கரங்கள்' குழுவிடமும் படம் கொடுத்தோம். அந்தப் பதினோரு பேரில் ஒருவரையும் இந்த வரிசைகளில் நான் பார்க்கவில்லை. இந்த இடத்தில் உன் கேள்வி நியாயம்தான்.

பதினேழாம் நாள் பையன் கிடைத்தான். கடன் செயலியில் இருபதாயிரம் வாங்கி, வட்டிக்கு வட்டியாக அது லட்சத்தைத் தாண்டி, மிரட்டல் தாங்க முடியாமல் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறித் திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறான். கிரிவலப் பாதையில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். அவன் பஸ் ஏறியதைக் கிளாம்பாக்கம் கேமராவில் ஐந்தாம் நாளே பார்த்துவிட்டார்கள் என்று இன்ஸ்பெக்டர் பிற்பாடு சொன்னார். பழைய சிம்மை யாருடைய போனிலோ போட்டு அம்மாவின் செய்திகளைப் படித்திருக்கிறான். டவர் திருவண்ணாமலையைக் காட்டியிருக்கிறது. பௌர்ணமிக் கூட்டம் கலையட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்து, சாதாரண உடையில் இரண்டு காவலர்கள் மெஸ் மெஸ்ஸாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். "வெளியில் சொல்லியிருந்தால் எங்களுக்கு முன்னால் கேமராக்காரர்கள் அங்கே நின்றிருப்பார்கள், சார். அவனும் வேறு ஊருக்குப் போயிருப்பான்" என்றார். மறுக்க முடியவில்லை.

ஆனால் ஐந்தாம் நாளுக்கும் பதினேழாம் நாளுக்கும் இடையில் அந்த அம்மா, தன் மகனின் உடல் எந்த ஏரியில் கிடக்கக்கூடும் என்று வரைபடம் போட்டு விளக்கும் காணொளியைப் பார்த்தாள். உயிரோடு இருப்பதாக நம்பக் காரணம் இருக்கிறது என்ற ஒரே ஒரு வாக்கியத்தை, இடத்தைச் சொல்லாமல், அவளை மட்டும் அழைத்துச் சொல்லியிருக்கலாம் அல்லவா? நீ என்ன சொல்வாய் என்று தெரியும்: அவள் அதைப் பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பாள். ஆமாம், முதலில் என்னிடம்தான் சொல்லியிருப்பாள். நான் அதை என்ன செய்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல எனக்கே தைரியம் இல்லை.

பையனும் மெஸ்ஸில் அந்தக் காணொளியைப் பார்த்திருக்கிறான். "நான் செத்துட்டேன்னு ஒருத்தர் கோடு போட்டு விளக்கிட்டு இருந்தார், அங்கிள். அதுக்கப்புறம் வீட்டுக்கு எப்படி போன் பண்றதுன்னு தெரியல" என்றான். மாமன் கடனைப் பேசித் தீர்த்துவிட்டார், சைபர் கிரைமில் புகாரும் கொடுத்திருக்கிறார்கள். இரவில் பழையபடி மாரி பிஸ்கட்டோடு வெளியே வருகிறான். கேமராவின் கீழ் வரும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறான்.

கார்க்காரரின் முகவரியை மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கிளம்பி, இரண்டு முறையும் தெருமுனையோடு திரும்பி வந்துவிட்டேன். எதிர்வீட்டு அம்மாவோ, நான் வீடியோ கொடுத்ததால்தான் பிள்ளை கிடைத்தான் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். கையில் வாங்கிக்கொண்டு, நான் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டேஷனில் எத்தனையோ பேரின் வாக்குமூலத்தை எழுதியவன் நீ. இதை அவளிடம் எப்படித் தொடங்கிச் சொல்வது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

உன் அன்பு நண்பன்