எண்ணெய் பிரியும்வரை: தம்பிக்கு ஒரு கடிதம்

தம்பி,

வருகிற சனிக்கிழமை அம்மாவுக்குத் தலைத் திவசம். நீ வர முடியாது. ஏன் என்று இங்கே எழுதப்போவதில்லை. சொந்தக்காரர்களும் படிப்பார்கள், சொந்தமில்லாதவர்களும் படிப்பார்கள். போன மாதம் நீ கேட்ட கோழிக் குழம்புக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் பாதியில் இங்கே யாங்கோனில் கரண்ட் போய்விடும். அதோடு நீ காதில் வாங்காமலே "சரிக்கா, சரிக்கா" என்பாய். எழுதி வைத்தால் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

கோழி அரை வீசை. பாங்காக்கில் கிலோக் கணக்குத்தான், 800 கிராம் என்று கேள் (பர்மா வீசை ஒன்று 1.63 கிலோ). எலும்போடு வாங்கு, தொடையும் காலுமாக. வெறும் நெஞ்சுக்கறி வேண்டாம், குழம்பில் கொதித்தால் நார் நாராகக் காய்ந்துபோகும். வெங்காயம் 250 கிராம், நடுத்தர அளவில் மூன்று. பூண்டு எட்டுப் பல், இஞ்சி கட்டைவிரல் நீளம், தக்காளி இரண்டு, உருளைக்கிழங்கு இரண்டு. மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், மல்லித்தூள் இரண்டு பெரிய ஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், சோம்பு அரை டீஸ்பூன், பட்டை ஒரு துண்டு. கடலை எண்ணெய் ஐந்து பெரிய ஸ்பூன்.

எண்ணெய் அதிகம் என்று உனக்குத் தோன்றும். குறைக்காதே. இரண்டு ஸ்பூனில் வெங்காயம் வதங்காது, அடியில் ஒட்டும், ஒட்டியது கருகும், நீ பயந்து தண்ணீர் ஊற்றுவாய். அதற்குப் பிறகு அது அவித்த வெங்காயம்தான். வேண்டாத எண்ணெயைக் கடைசியில் மேலாகக் கரண்டியால் எடுத்துவிடலாம், முதலில் போடாததைப் பிறகு சேர்க்க முடியாது.

கோழியைக் கழுவித் தண்ணீரை நன்றாக வடித்து, மஞ்சளும் ஒரு டீஸ்பூன் உப்பும் மிளகாய்த்தூளில் அரை டீஸ்பூனும் பிசறி வை. இருபது நிமிடம் போதும். இஞ்சி பூண்டை இடித்துக்கொள். மிக்ஸியில் தண்ணீர் விட்டு அரைத்தால் எண்ணெயில் விழுந்ததும் தெறிக்கும், பச்சை வாசனை போகவும் நேரமாகும்.

சட்டி கனமாக இருக்க வேண்டும். நீ படத்தில் காட்டிய அந்த மெல்லிய சட்டிதான் உன் பாதிப் பிரச்சினை. கரண்ட் அடுப்பில் சட்டியின் நடுவில் மட்டும் சூடு ஏறும். நடுவில் கறுக்கும், ஓரத்தில் பச்சையாக இருக்கும். வேறு சட்டி வாங்கும்வரை சூட்டைக் குறைத்து வைத்து, ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் தள்ளிக்கொண்டே இரு.

எண்ணெய் காய்ந்ததும் பட்டை, சோம்பு. சோம்பு பொரிந்ததும் பொடியாக நறுக்கிய வெங்காயம், அதன்மேல் ஒரு சிட்டிகை உப்பு. உப்பு போட்டால் வெங்காயம் தண்ணீரைச் சீக்கிரம் விடும். இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். வெங்காயத்தில் பெரும்பங்கு தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் போகிறவரை சட்டிக்குள் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. தாண்டாதவரை வெங்காயம் சிவக்காது, வெந்து குழையும், அவ்வளவுதான். முதலில் சலசலவென்று சத்தம் வரும், ஆவி வரும். பிறகு ஆவி குறைந்து சத்தம் மெலியும். அந்தச் சத்தம் மாறுவதைக் கேள். கடிகாரத்தைப் பார்க்காதே, ஆனாலும் பதினைந்து நிமிடத்துக்குக் குறைந்து அது நடக்காது. அங்கே கிடைக்கிற பெரிய வெங்காயத்தில் ஈரம் கூடுதலாக இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம்.

வெங்காயம் பொன்னிறமான பிறகுதான் இஞ்சி பூண்டு. முதலிலேயே போட்டால் வெங்காயம் வேகும் முன்னே பூண்டு தீய்ந்துவிடும். தீய்ந்த பூண்டின் கசப்பை எதைப் போட்டும் எடுக்க முடியாது. இரண்டு நிமிடம் வதக்கு. அடுப்பை நன்றாகக் குறை. பிறகு மிச்ச மிளகாய்த்தூள், மல்லித்தூள், கூடவே இரண்டு ஸ்பூன் தண்ணீர். காய்ந்த எண்ணெயில் தூள் நேராக விழுந்தால் சில நொடிகளில் கறுத்துப்போகும்.

நீ அன்று செய்தது இந்த இடம்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வீட்டில் கறி சேர்க்கலாம் என்ற அன்று மத்தியானம். கூடத்தில் இருபது பேர். நீ யாரிடமும் சொல்லாமல் கரி அடுப்பை மூட்டி அம்மாவின் சட்டியை ஏற்றியிருந்தாய். நான் வந்து பார்த்தபோது வெங்காயம் வெள்ளையாகவே கிடந்தது, அதன்மேல் மிளகாய்த்தூள் சிவப்பாக, கட்டி கட்டியாக. அகப்பையை உன் கையிலிருந்து பிடுங்கினேன். சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்வாசல் சாக்கடையில் கொட்டினேன். "தீய்ச்சுட்டான்" என்று கூடம் வரைக்கும் கேட்கும்படி சொன்னேன். நீ ஒன்றும் பேசவில்லை. காலிச் சட்டியை என்னிடமிருந்து வாங்கி, தட்டைப் போட்டு மூடி, அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தாய்.

அது தீயவில்லை. பச்சையாக இருந்தது. தணலில் பாதியை இழுத்துவிட்டு, அரைத் தம்ளர் தண்ணீர் ஊற்றி, பதினைந்து நிமிடம் விட்டிருந்தால் வெங்காயமும் வெந்திருக்கும், தூளும் வெந்திருக்கும். அம்மா செய்ததுபோல் இருந்திருக்காது, ஆனால் நல்ல குழம்பாக இருந்திருக்கும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். இருபது பேருக்குச் சமைக்க வேண்டிய நாள், இரண்டு வாரம் நான் தூங்கவில்லை, அம்மாவின் சட்டியில் வேறொருவர் கையைப் பார்க்க முடியவில்லை என்றெல்லாம் காரணம் சொல்லலாம். அவையும் உண்மைதான். ஆனால் தீய்ந்தது என்று சொன்னது பொய். கூடத்தில் இருந்தவர்களும் இதைப் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு.

ஆனால் ஒன்று. இப்போது போன் போட்டு "அம்மா கைமணம் வரலைக்கா" என்கிறாய். அம்மா இருந்த காலமெல்லாம் அந்தச் சமையலறைக்கு நீ தண்ணீர் குடிக்க மட்டும்தான் வந்தாய். வெங்காயம் உரித்தது நான், கரி ஊதியது நான். கடைசி நாலு மாதம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததும் நான்தான். கைமணம் என்று கேட்டால் ஸ்பூன் கணக்கில் நான் எப்படிச் சொல்வது? சொல்லத்தான் பார்க்கிறேன், படி.

தூள் போட்டு ஒரு நிமிடம் கழித்து நறுக்கிய தக்காளி. அது கரைந்து, மசாலா சட்டியின் பக்கத்தை விட்டு ஒன்றாகத் திரண்டு வரவேண்டும். நடுவில் அகப்பையால் ஒரு கோடு இழு. கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. கோடு அப்படியே நின்று, அதன் ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் முத்து முத்தாகக் கசிந்தால் ஆயிற்று. பர்மாக்காரர்கள் 'சீ பியன்' என்பது இதைத்தான், எண்ணெய் திரும்பி வருவது. தண்ணீர் இருக்கிறவரை மசாலா எண்ணெயைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கும், தண்ணீர் போனதும் விட்டுவிடும். அம்மா செய்தது பாதி இந்த ஊர் முறை, பாதி நம் மல்லித்தூள். கைமணம் என்று நீ சொல்வதில் முக்கால்வாசி இந்த எண்ணெய் பிரிகிற இடம்தான். இதற்கு முன்னால் கோழியைப் போடாதே.

கோழியைப் போட்டு எட்டு நிமிடம் பிரட்டு. தண்ணீர் ஊற்றாதே, கோழியே விடும். பிராய்லர் என்றால் நிறைய விடும். பிறகு நாலாக வெட்டிய உருளைக்கிழங்கு, இரண்டு தம்ளர் சுடுதண்ணீர். ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து, தட்டைக் கொஞ்சம் திறந்தாற்போல மூடு. பிராய்லர் இருபத்தைந்து நிமிடம். நாட்டுக்கோழி கிடைத்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், அப்போது கிழங்கைக் கடைசி இருபத்தைந்து நிமிடத்துக்குத்தான் போட வேண்டும். தக்காளிப் புளிப்பில் கிழங்கு மெதுவாகத்தான் வேகும், கல்லாக இருக்கிறதே என்று தீயைக் கூட்டாதே. தளதளவென்று கொதித்தால் கோழி இறுகும், கிழங்கின் ஓரம் கரையும், நடு வேகாது.

உப்பைக் கடைசியில் பார். குழம்பு வற்ற வற்ற உப்பு ஏறும். மீறிப்போனால் கிழங்கு உப்பை இழுத்துவிடும் என்பார்கள், அது கிழங்குக்குள் போகிற தண்ணீரோடு போகிற உப்புதான். உப்பில்லாத சுடுதண்ணீர் ஊற்றி இன்னொரு கிழங்கு போட்டால்தான் சமாளிக்கலாம்.

மேல்தட்டில் துணி சுற்றி வைத்திருந்த பாட்டிலைப் பற்றி இங்கே எழுதமாட்டேன், சித்தி படிப்பார். நீ சந்தேகப்பட்டது சரி. அரை டீஸ்பூன், இறக்குவதற்கு முன்னால். அதற்கேற்ப உப்பைக் குறை. அந்த ஊரில் அது இல்லாத கடை இருக்காது.

இறக்கிய உடனே சாப்பிடாதே. அரை மணி நேரம் மூடி வை. கிழங்கின் மாவு இறங்கிக் குழம்பு கெட்டியாகும், எண்ணெய் மேலே வரும். வேண்டாததை எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொள், மறுநாள் முட்டை பொரிக்க ஆகும். வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் எரிந்துவிழுவாய், அதனால் கேட்கவில்லை.

சனிக்கிழமை இங்கே சைவம்தான். ஞாயிற்றுக்கிழமை நான் இந்தக் குழம்பு வைக்கிறேன், நீயும் வை. உன் கடிகாரத்தில் பதினொன்றரை ஆனதும் வெங்காயத்தைப் போடு, எனக்கு அப்போது பதினொன்று. கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் கரி அடுப்பில்தான் வைப்பேன். கோடு இழுத்து எண்ணெய் பிரிந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு கோழியைப் போடு.

அக்கா
யாங்கோன்