தொட்டியில் இன்னும் மீன் விடவில்லையே?

அன்புள்ள கண்ணாவுக்கு,

உன் செய்தி வந்தது. இரண்டு மாதத்துக்கு அப்புறம் நாலே வரி. சின்னதாக ஒரு மீன் தொட்டி வாங்கினேன், நீளம் 45, அகலம் 30, உயரம் 30 சென்டிமீட்டர், என்ன மீன் விடலாம், ஒன்று போதுமா. அவ்வளவுதான். படத்தை அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தொட்டி வைத்த மேஜை மேல் ரசமட்டம் வைத்துச் சரி பார்த்திருக்கிறாய். "என் பிள்ளை" என்றார். அவர் அப்படிச் சொல்லி நாளாயிற்று.

'வாங்கினேன்' என்று எழுதியிருந்தாய். சோபா வந்தபோது 'வாங்கினோம்' என்று இருந்தது. சரி, அதை விடு.

இன்னும் மீன் விடவில்லையே? தண்ணீர் ஊற்றிய அன்றே மீனையும் விடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், அதை நம்பிவிடாதே. மீன் வெளியேற்றுவது அம்மோனியா, அதுவே அதற்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை வந்து நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றினால் சமாளித்துவிடலாம். இந்த இரண்டு கூட்டமும் பில்டர் பஞ்சில் குடியேறிப் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை காலித் தொட்டியில் பில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிடு. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சோதனைக் குப்பியில் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் கொஞ்சம் என்று காட்டுகிற நாளில் மீன் வாங்கப் போ. ஒரு மாதம் பொறு. உனக்குப் பொறுமை உண்டு, என்னைப் போல இல்லை.

நீ சொன்ன அளவைப் பெருக்கினால் 40 லிட்டர் வருகிறது. மணல், கல், மேலே விடுகிற இடைவெளி எல்லாம் போக 32, 33 லிட்டர்தான் நிற்கும். கணக்கை அதில் வை. ஒரு சென்டிமீட்டர் மீனுக்கு ஒரு லிட்டர் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பத்து சென்டிமீட்டர் தங்கமீன் ஒன்றும் இரண்டு சென்டிமீட்டர் டெட்ரா ஐந்தும் ஒன்றாகிவிடுமா? உடம்பு வேறு, கழிவு வேறு. கடையில் பார்க்கும் அளவையும் நம்பாதே, அதெல்லாம் குஞ்சு. தொட்டியைத் துடைத்து வைக்கும் மீன் என்று விரல் நீளத்தில் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அந்தச் சாதாரண ப்ளெக்கோ ஒரு அடிக்கு மேல் வளரும், அது துடைப்பதைவிடப் போடும் கழிவு அதிகம். ஏஞ்சல் உயரமான தொட்டி கேட்கும், வளர்ந்தபின் நியான் டெட்ரா மாதிரிச் சின்ன மீனைத் தின்றுவிடும். டைகர் பார்ப் அடுத்ததன் வாலைக் கடிக்கும். தங்கமீன் வேண்டவே வேண்டாம். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

உன் தொட்டிக்கு எதுவெல்லாம் சரிப்படும் என்றால், முதலில் உன் தண்ணீரைப் பார். தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? படிந்தால் கடின நீர், கப்பிக்கு அது பிடிக்கும். ஐந்தாறு கப்பி விடலாம், எல்லாம் ஆணாகவே எடு. பெண் ஒன்று வந்தாலும், கடையிலேயே சினையாகியிருக்கும். ஆணே இல்லாவிட்டாலும் மாதாமாதம் குஞ்சு போட்டுக்கொண்டே இருக்கும், விந்தைப் பல மாதம் உள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ளும் ஜாதி அது. படியவில்லை என்றால் எம்பர் டெட்ரா எட்டு. இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும், கங்கு மாதிரி நிறம். டெட்ராவை ஆறுக்குக் குறைத்து வாங்காதே. கூட்டமில்லாவிட்டால் பயத்திலேயே நிறம் வெளுத்து மூலையில் ஒதுங்கி நிற்கும், தின்னாது.

எனக்கு இந்த எட்டுதான் பிடித்திருக்கிறது. கூட்டமாக இருந்தால் வீட்டுக்குள் ஒரு அசைவு இருக்கும்.

ஆனால் நீ கேட்டது, ஒன்று போதுமா என்று. பதினொரு வருஷமாக மீன் வளர்க்கிறவள், பொய் சொல்லக் கூடாது. போதும். ஃபைட்டர் ஆண் ஒன்று விட்டால் அந்தத் தொட்டி அதற்கு அரண்மனை. இன்னொரு ஆணைச் சேர்த்தால் இரண்டில் ஒன்று கிழிந்துபோகும். கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்தே செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு நிற்கும். மேலே வந்து காற்றையே மூச்சாக எடுத்துக்கொள்ளும், அதற்கென்று தலையில் ஓர் உறுப்பு வைத்திருக்கிறது. அதற்காகக் கண்ணாடிக் குவளையில் வைத்து வளர்க்கலாம் என்று சொல்கிறவர்களை நம்பாதே. சூடு 25, 26 டிகிரி வேண்டும், பில்டர் மெதுவாக ஓட வேண்டும், அந்த நீள வாலை வைத்துக்கொண்டு அது எதிர்நீச்சல் போட முடியாது. மற்றபடி தனியாக இருப்பது அதற்குத் தண்டனை இல்லை. எனக்குத்தான் அதை எழுதக் கை வரவில்லை.

நீ சாப்பிடுகிறாயா? அப்பா அனுப்பியதற்கு 'ம்' என்று பதில் போட்டிருக்கிறாய். ஒரு எழுத்து. அதையும் எனக்கு வாசித்துக் காட்டினார்.

தங்கமீனுக்கு வருகிறேன். சின்னத் தொட்டியில் அளவோடு வளரும் என்பார்கள், பொய். வளர்ச்சி குன்றுவது கெட்ட தண்ணீரால். ஒழுங்காக வைத்தால் சாண் நீளம் வளரும், பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும். நம் வீட்டில் இரண்டும் ஏழே மாதம்தான் இருந்தன, அதுவும் உருண்டைக் குடுவையில். நீ இரண்டாம் வகுப்பு. காலையில் இரண்டும் மிதந்தபோது, உன் தீனி டப்பா மூடி திறந்திருப்பதைப் பார்த்து, "அள்ளிக் கொட்டிக் கொன்றுவிட்டாயே" என்றேன். நீ அழவில்லை. டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். அதற்கப்புறம் நாய் கேட்கவில்லை, சைக்கிள்கூட அப்பாவாகத்தான் வாங்கினார்.

கண்ணா, முந்தின நாள் சாயங்காலம் நான் அந்தக் குடுவையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கூழாங்கல், பில்டர் பஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் பிழிந்து அலசினேன். என் சுத்தம்தான் உனக்குத் தெரியுமே. குழாய்த் தண்ணீரையே நேராக நிரப்பினேன். குளோரின் செவுளை எரித்துவிடும், பஞ்சில் இருந்த பாக்டீரியாவையும் அழித்துவிடும் என்பதெல்லாம் நானே தொட்டி வைத்த பிறகு கற்றுக்கொண்டது. ஆனால் தெரியாமல் நடந்தது என்று தப்பிக்க முடியாது. அன்றைக்கே பஞ்சை முகர்ந்து பார்த்தேன், சோப்பு மணத்தது. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் அதைக் குப்பையில் போட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, இருபத்தாறு வருஷமாகச் சொல்லவில்லை. எதுவானாலும் டப்பாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு நீ பேசாமல் இருந்துவிடுவாய், நானும் அதைப் பிள்ளையின் குணம் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

நீ கொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பாக்டீரியாவைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டு இங்கே வந்து சேர்ந்திருக்கிறேன்.

பஞ்சை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் மட்டும் மெல்லப் பிழி. குழாய்த் தண்ணீருக்குக் குளோரின் நீக்கும் மருந்து விடு. ஒரு நாள் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும், ஆனால் சில ஊரில் குளோரினுக்குப் பதில் குளோரமின் கலப்பார்கள், அது அப்படிப் போகாது. ஜன்னல் வெயிலில் வைக்காதே, பாசி பிடிக்கும். தீனி இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். ஒரு நாள் மறந்தால் ஒன்றும் ஆகாது, மறந்துவிட்டோமே என்று உன்னையே திட்டிக்கொள்ளாதே. ஒரு மாதம் பொறு, அதற்கு முன் மீன் வேண்டாம்.

கடிதத்தின் கடைசியில் நான் வழக்கமாக எழுதும் விசாரிப்பு வரியை இந்த முறை எழுதவில்லை. எழுதச் சொன்னால் அடுத்த தடவை எழுதுகிறேன். பதில் போடும்போது 'வாங்கினேன்' என்றே போடு, எனக்காக மாற்ற வேண்டாம்.

அப்பா கேட்கச் சொல்கிறார், தொட்டிக்கு மூடி இருக்கிறதா? படத்தில் தெரியவில்லை. ஃபைட்டர் துள்ளி வெளியே விழுந்துவிடும்.

அம்மா