மகரந்தம் எதுவரை சொல்லும்?

ஆசிரியருக்கு,

ஆர்க்டிக் பூச்செடிகளைப் பற்றிய கட்டுரையில், மகரந்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தாலே சிற்றினத்தைச் சொல்லிவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் பேரினம் வரைதான் சொல்ல முடியும். சிலவற்றில் குடும்பத்தோடு நின்றுவிட வேண்டியதுதான்.

முதலில் மகரந்த மணியின் சுவரிலுள்ள துளையையும் பள்ளத்தையும் பார்க்க வேண்டும். புல்லின் மகரந்தத்தில் வளையம் சூழ்ந்த ஒரே துளை. காரியோஃபில்லேசி எனும் கார்னேஷன் குடும்பத்தில் மணி முழுவதும் துளைகள். காசியோப்பி என்ற ஆர்க்டிக் குறுஞ்செடியில் நான்கு மணிகள் ஒட்டியபடியே உதிரும். வில்லோவில் மூன்று நீள்பள்ளங்கள், மேலே வலைப்பின்னல். கடுகுக் குடும்பத்து டிராபாவுக்கும் ஏறக்குறைய அதே தோற்றம்தான். டிராபா சிற்றினங்களை மகரந்தத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முயல்வது வீண் வேலை.

அளவு உதவும் இடம், குளிர்நாட்டுத் தாவரமான பிர்ச். ஐஸ்லாந்தில் குட்டை பிர்ச்சின் (பெடுலா நானா) மணி சராசரியாக 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டம், மர பிர்ச்சின் (பெடுலா பியூபசென்ஸ்) மணி 24 மைக்ரான். வித்தியாசம் 4 மைக்ரான்தான். தயாரிப்பில் வரும் பிழையே அதை விழுங்கிவிடும். கிளிசரின் ஜெல்லியில் வைத்த மணி நாளாக ஆக வீங்கும். அதனால் ஒப்பிடும் எல்லாக் கண்ணாடித் தகடுகளிலும் (ஸ்லைடு) மணிகளைச் சிலிக்கோன் எண்ணெயிலேயே வைக்க வேண்டும். வெடிக்கப்போகும் மகரந்தப்பையிலிருந்து எடுப்பது நல்லது. இளமொட்டின் மணி முதிராமல் சிறுத்திருக்கும்.

மணியின் உள்ளிருப்பதைக் கரைத்துச் சுவரை மட்டும் விட்டுவைக்கும் அமில முறைதான் அசிட்டாலிசிஸ். அதன் கலவையில் அசிட்டிக் அன்ஹைட்ரைடு 9 பங்கு, அடர் கந்தக அமிலம் 1 பங்கு. அமிலத்தைத்தான் அன்ஹைட்ரைடில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அதற்கு முன் மாதிரியைப் பனி அசிட்டிக் அமிலத்தால் (நீர் கலவாத அசிட்டிக் அமிலம்) கழுவி ஈரத்தைப் போக்காவிட்டால் கலவை சீறித் தெறிக்கும். புகைப்போக்கிப் பெட்டிக்கு வெளியே இதைச் செய்யவே கூடாது. கொதிநீர்த் தொட்டியில் சில நிமிடங்கள் போதும். எல்லா மாதிரிக்கும் ஒரே நேரம் கொடுங்கள், நேரம் கூடினாலும் மணியின் அளவு மாறும்.

ஒரு செடிக்கு நூறு மணிகளையாவது அளந்து, சராசரியோடு பரவலையும் தர வேண்டும். இரண்டு பிர்ச்சுகளும் கலந்து பிறக்கும் மும்மடியக் கலப்பினத்தின் (மூன்று தொகுதிகளாக 42 குரோமோசோம்கள் கொண்டது) மணிகள் இரண்டின் அளவெல்லைக்குள்ளும் விழும். வழக்கமான மூன்று துளைகளுக்குப் பதில் நான்கோ அதற்கு மேலோ துளையுள்ள மணிகள் அதில் அடிக்கடி வரும். அவற்றைப் பழுதென்று ஒதுக்காமல் தனியே எண்ண வேண்டும். கலப்பு நடந்ததற்கான தடயமே அவைதான்.

இனி மகரந்தப் படம் வெளியிடும்போது, அளவுக்கோட்டையும் மணியை எதில் வைத்துப் படமெடுத்தார்கள் என்பதையும் படத்தின் கீழே அச்சிடுங்கள்.

– தாவரவியல் வாசகர்